மூளை ஆஞ்சியோ கை வழியாவா, தொடை வழியாவா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹார்ட் ஆஞ்சியோ கை வழியா பண்றது இப்போ ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் ஆயிடுச்சு, மாமாக்கு பண்ணாங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு பண்ணாங்கன்னு சொல்ல ஆள் இருக்கு. ஆனா மூளைக்கு கை வழியான்னு சொன்னதும் அட்டெண்டர்ஸ் முகம் மாறிடுது. கேத் லேப் (ஆஞ்சியோ பண்ற ரூம்) வாசல்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளைத்தான் இங்க எழுதியிருக்கேன். நான் அங்க டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அதனால உங்க கேஸுக்கு எது சரின்னு முடிவு பண்ண வேண்டியது உங்க டாக்டர்தான். அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சிக்க இது உதவும்.

பிரச்சனை தலைல, ஓட்டை எதுக்கு கைல?

உடம்புல இருக்குற எல்லா ரத்தக்குழாயும் ஒண்ணோட ஒண்ணு தொடர்புள்ளதுதான். மணிக்கட்டுல நாடி பாக்குற இடத்துல துடிக்குதே, அதுதான் ரேடியல் ஆர்ட்டரி. அதுல ஊசி குத்தி மெல்லிசா ஒரு வயரை ஏத்துனா முழங்கை, அக்குள், காரை எலும்புக்கு அடில இருக்குற குழாய் எல்லாம் தாண்டி நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் வளையுற இடத்துக்குப் போயிடலாம். அங்கிருந்துதான் கழுத்து வழியா மூளைக்குப் போற குழாய்கள் கிளம்புது. வயர் மேலயே கத்தீட்டர்னு சொல்ற மெல்லிய ட்யூப்பை ஏத்தி, டை (குழாயை எக்ஸ்ரேல காட்டுற மருந்து) விட்டு, எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே போவாங்க. மண்டை ஓட்டைத் திறக்குற வேலையே இல்ல.

இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது. மூளையோட பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டு போற வெர்டிப்ரல் ஆர்ட்டரி, வலது பக்கம் கைக்குப் போற குழாய்லேர்ந்தேதான் பிரியுது. அதாவது வலது மணிக்கட்டுலேர்ந்து கிளம்புனா அது போற வழிலயே இருக்கு, நெஞ்சு வளைவுக்குள்ள இறங்கி ஏற வேண்டியதே இல்ல. பின்பக்கம் பிரச்சனை இருக்குறவங்களுக்கு கை வழி ரொம்ப சுலபமா அமையுறதுக்கு இதுதான் காரணம்.

அப்போ இத்தனை வருஷமா ஏன் தொடைல பண்ணாங்க?

தொடை இடுக்குல இருக்குற ஃபெமரல் ஆர்ட்டரி பெருசு, 6லேர்ந்து 8 மில்லிமீட்டர் வரைக்கும் அகலம் இருக்கும். ரேடியல் 2, 2.5 மில்லிமீட்டர்தான், சிலருக்கு அதுவும் இல்ல. பெரிய குழாய்ல குத்துறது சுலபம், தடிமனான ட்யூபும் போகும், கத்தீட்டர்களோட வளைவு எல்லாமே கீழேர்ந்து மேல வர்றதுக்கு ஏத்தாப்ல செஞ்சதுதான். டாக்டர்ஸ் படிச்சதும் அப்படித்தான்.

பிரச்சனை என்னன்னா தொடைல ரத்தம் கசிஞ்சா சில நேரம் வெளிய தெரியாது. குழாய் ஆழத்துல இருக்கு, ஊசி கொஞ்சம் மேல குத்திட்டா வயித்துக்குப் பின்னாடி ரத்தம் சேர்ந்துக்கிட்டே போகும், பிபி இறங்குன பிறகுதான் கண்டுபிடிப்பாங்க. அபூர்வம்தான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. மணிக்கட்டுல அப்படி ஒளியுறதுக்கு இடமில்ல, குழாய் தோலுக்கு அடிலயே இருக்கு, அடில எலும்பு இருக்கு, விரலை வெச்சு அமுக்குனா நின்னுடும். ரொம்ப குண்டா இருக்குறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, கால் ரத்தக்குழாய் அடைச்சுப் போனவங்க, இவங்களுக்கெல்லாம் கை வழியோட அருமை அப்போதான் தெரியும்.

அப்புறம் படுக்கை விஷயம். தொடைல பண்ணா காலை நீட்டி மடக்காம 4லேர்ந்து 6 மணி நேரம் மல்லாக்க படுக்கணும் (ஓட்டையை அடைக்குற க்ளோஷர் டிவைஸ் போட்டா கொஞ்சம் குறையும்). முதுகு வலி இருக்குற வயசானவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. பெட்பேன்ல போறது பல பேருக்கு ஆபரேஷனை விட பெரிய கஷ்டம், குறிப்பா பெண்கள் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, தண்ணியே குடிக்காம இருந்துடுவாங்க. டை போட்ட பிறகு தண்ணி குடிச்சாதான் கிட்னிக்கு நல்லது, அதனால இது வெறும் கூச்ச விஷயம்னு விட முடியாது.

கை வழி புதுசா வந்த டெக்னிக்கா? எங்க மேல பழகிப் பாக்குறாங்களா?

புதுசுன்னு சொல்றது பாதிதான் உண்மை. மூளை ஆஞ்சியோவையே 1927ல லிஸ்பன்ல எகாஸ் மோனிஸ்தான் முதல்ல பண்ணாரு, அது நேரா கழுத்துக் குழாய்ல மருந்து ஏத்தி. ஸ்வீடன்ல ஸ்டிக் ராட்னர்ங்கிற டாக்டர் 1940கள்லயே மணிக்கட்டு ரத்தக்குழாயை கீறித் திறந்து அது வழியா ட்யூப் விட்டு படம் எடுத்திருக்காரு. 1953ல அதே ஸ்வீடன்ல செல்டிங்கர் ஊசி, வயர், ட்யூப்னு வரிசையா போடுற முறையைக் கொண்டு வந்த பிறகு எல்லாரும் தொடைக்குப் போயிட்டாங்க, கை மறந்தே போச்சு.

திரும்ப கொண்டு வந்தது ஹார்ட் டாக்டர்ஸ். 1989ல மான்ட்ரியல்ல லூசியன் காம்போ மணிக்கட்டு வழியா இதய ஆஞ்சியோ பண்ணதை எழுதினாரு, 1990கள் ஆரம்பத்துல ஆம்ஸ்டர்டாம்ல ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியா ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட் எல்லாம் பண்ணி காட்டினாரு. மூளைப் பக்கம் இது பரவலானது கடந்த பத்து பன்னெண்டு வருஷத்துலதான், கைக்கு ஏத்த மெல்லிய சுவர் ஷீத் (குத்துன இடத்துல வாசலா வைக்கிற உறை), நீளமான வளையுற கத்தீட்டர் எல்லாம் வந்த பிறகு.

பழகிப் பாக்குறாங்களான்னா, பழகாம எதுவும் வராது. கை வழி ஓரளவு சரளமா வர்றதுக்கு முப்பது அம்பது கேஸ் ஆகும்னு சொல்வாங்க. அதனால "சார் நீங்க கை வழியா ரெகுலரா பண்றீங்களா"ன்னு கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல, கேளுங்க. தொடை வழியா ஆயிரம் பண்ணி கை வழியா அஞ்சு பண்ண டாக்டர் உங்களுக்கு தொடை வழியா பண்றதுதான் நல்லது. இதுல ஃபேஷன் பாக்கக் கூடாது.

என்னென்ன ட்ரீட்மெண்ட் கை வழியா பண்ணலாம்?

வெறும் படம் எடுக்குற டிஎஸ்ஏ டெஸ்ட்டுக்கு கை வழி நல்லா பழகிடுச்சு. அன்யூரிசம், அதாவது மூளைக்குழாய் பலூன் மாதிரி வீங்குறது, அதுக்கு காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) போடுறதும் ஃப்ளோ டைவர்ட்டர் (ரத்தம் வீக்கத்துக்குள்ள போகாம திருப்புற வலைக்குழாய்) வைக்கிறதும் நிறைய பேருக்கு கைலயே முடியுது. கழுத்துக் குழாய்ல ஸ்டென்ட் சிலருக்குப் பண்றாங்க.

வயசானவங்க விழுந்து மூளை மேல மெதுவா ரத்தம் சேருமே, க்ரானிக் சப்ட்யூரல்னு சொல்வாங்க, அதுக்கு மிடில் மெனிஞ்சியல் ஆர்ட்டரிங்கிற சின்ன குழாயை அடைக்குற சிகிச்சை இப்போ நல்லா பேசப்படுது. 2024ல பெரிய ட்ரையல்கள் (நோயாளிகள்கிட்ட பண்ண ஆய்வுகள்) வெளிவந்த பிறகு சர்ஜரியோட சேர்த்து இதையும் பண்றது கூடியிருக்கு. அந்த நோயாளிங்க பெரும்பாலும் எழுபது எண்பது வயசுக்காரங்க, வயித்துல இருக்குற அயோர்ட்டாங்கிற பெரிய குழாய்லேர்ந்து தொடை வரைக்கும் குழாய் எல்லாம் நெளிஞ்சு வளைஞ்சு சுண்ணாம்பு படிஞ்சு இருக்கும், ஆறு மணி நேரம் அசையாம படுங்கன்னா குழப்பத்துல எழுந்திரிச்சுடுவாங்க. கை வழி யாருக்கு நல்லதுன்னு ஒரே ஒரு உதாரணம் கேட்டீங்கன்னா நான் இவங்களைத்தான் சொல்வேன்.

டாக்டர் எப்போ "இல்ல, தொடைதான்"னு சொல்வாரு?

முதல் காரணம் சைஸ். ட்யூப் அளவை ஃப்ரெஞ்ச்னு ஒரு கணக்குல சொல்வாங்க, 3 ஃப்ரெஞ்ச்னா 1 மில்லிமீட்டர். ஷீத்ங்கிறது வேலை முடியுற வரைக்கும் மணிக்கட்டுல வாசலா இருக்குற உறை, அதோட வெளி அளவு உள்ள போற ட்யூப்பை விட பெருசா இருக்கும், 6 ஃப்ரெஞ்ச் ஷீத் வெளில கிட்டத்தட்ட 2.5 மில்லிமீட்டர் வந்துடும். உங்க குழாய் 2 மில்லிமீட்டர்னா கணக்கு நீங்களே போட்டுக்கலாம். அதனாலதான் குத்துறதுக்கு முன்னாடி அல்ட்ராசவுண்ட் வெச்சு அளந்து பாக்குறாங்க. அளக்காம தடவிப் பாத்தே குத்துறவங்களும் இருக்காங்க, ஆனா எனக்கு அல்ட்ராசவுண்ட் வெச்சு பாக்குற டாக்டர்ஸ்தான் பிடிக்கும், ஒரே குத்துல உள்ள போயிடுது, கைல ரத்தக் கட்டும் கம்மி. ஷீத்தே இல்லாம கத்தீட்டரை நேரா ஏத்துற வழியும் இருக்கு, பெரிய ட்யூப் வேணும்னா அப்படி ஒரு சந்து கிடைக்கும்.

ரெண்டாவது, குழாய் போற பாதை. சிலருக்கு முழங்கை பக்கத்துல ரேடியல் ஆர்ட்டரி முழு வட்டம் அடிச்சிருக்கும், சிலருக்கு மெல்லிசா மேல அக்குள் பக்கத்துலயே பிரிஞ்சிருக்கும். நூத்துல ஒருத்தர் ஏதோ கணக்குல, வலது கைக்குப் போற குழாய் நெஞ்சு வளைவோட கடைசிலேர்ந்து கிளம்பி உணவுக்குழாய்க்குப் பின்னாடி சுத்திக்கிட்டு வரும். இவங்களுக்கு வலது கைல ஏறுனா வயர் மூளைக்குப் போகாம கீழ வயித்துப் பக்கமே போயிட்டு இருக்கும். முன்னாடியே எடுத்த சிடி ஆஞ்சியோ இருந்தா இதெல்லாம் தெரிஞ்சிடும், அதனால பழைய சிடி ஃபிலிம், சிடி டிஸ்க் எல்லாம் வீட்டுல வெச்சுட்டு வந்துடாதீங்க.

மூணாவது, இடது கழுத்துக் குழாய். வலது கைலேர்ந்து நெஞ்சு வளைவுக்குள்ள வந்து இடது கரோடிட்குள்ள ஏறணும்னா கூர்மையா திரும்பணும். இதுக்குன்னே நுனி பின்பக்கமா மடிஞ்ச சிம்மன்ஸ் கத்தீட்டர்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, அதை நெஞ்சு வளைவுக்குள்ள வெச்சு மடக்கி, அப்புறம் இழுத்து குழாய் வாய்ல மாட்டுவாங்க. படம் எடுக்க இது போதும். ஆனா அது மேல கனமான ட்யூப்பை ஏத்தும்போது மொத்தமும் நழுவி நெஞ்சுக்குள்ள விழுந்துடும், அரை மணி நேரம் பட்ட பாடு போச்சு. சிலருக்கு இடது கரோடிட்டே வலது பக்க குழாய்லேர்ந்து பிரியும், அவங்களுக்கு மட்டும் இது வெண்ணெயா போகும்.

ஸ்ட்ரோக் வந்து எமர்ஜென்சியா க்ளாட் எடுக்குறப்போ?

அங்க நேரம்தான் எல்லாமே. 2015ல வந்த ட்ரையல்களுக்கு அப்புறம் பெரிய குழாய் அடைச்ச ஸ்ட்ரோக்குக்கு க்ளாட்டை இழுத்து எடுக்குறது நிரூபணமான சிகிச்சை ஆயிடுச்சு. அதுக்கு பெரிய உறிஞ்சு ட்யூப், சில நேரம் 8 ஃப்ரெஞ்ச் பலூன் கத்தீட்டர் வேணும், அதனால இப்பவும் நிறைய இடத்துல முதல்ல தொடைக்குத்தான் போவாங்க. பின்பக்க குழாய் அடைப்பு, இல்ல தொடை வழி நெளிஞ்சு போன கேஸ்னா கையை யோசிப்பாங்க. அந்த நேரத்துல "கை வழியா பண்ணுங்க"ன்னு வாசல்ல நின்னு பேச்சு வார்த்தை வேண்டாம், கையெழுத்து போட்டுட்டு வழி விடுங்க. ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துட்டு இருக்கு.

வலது கையா, இடது கையா?

பெரும்பாலும் வலது. டேபிள், மானிட்டர், டாக்டர் நிக்கிற இடம் எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு நடைமுறை சிக்கல், சாப்பிடுற கை அதுதான். ரத்தம் நிக்குறதுக்கு பட்டை (பேண்ட்) கட்டின கையால சோறு பிசைய முடியாது, அன்னைக்கு ஸ்பூன்தான், இல்ல யாராவது ஊட்டணும். இதை முன்னாடியே சொல்லிட்டா பாதி எரிச்சல் குறையும். வலது பக்கம் பேரலிசிஸ் இருந்து இடது கையை மட்டும் நம்பி இருக்குறவங்க, கையை வெச்சு தொழில் பண்றவங்க (தையல்காரர், தச்சர்) இதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

இடது கைலயும் பண்ணலாம், குறிப்பா இடது வெர்டிப்ரல் குழாய்க்குப் போறதுன்னா. அதுக்கு இப்போ பெருவிரல் அடில குத்துறாங்க. பெருவிரலை நல்லா நீட்டுனா மணிக்கட்டு ஓரத்துல ஒரு குழி விழுமே, அங்க. இதுல கையைத் திருப்பி மல்லாத்தி வைக்க வேண்டாம், வயித்து மேல சும்மா வெச்சுக்கலாம். ஒருவேளை குத்துன இடம் அடைச்சாலும் உள்ளங்கைக்குப் போற கிளை அதுக்கு முன்னாடியே பிரிஞ்சிடுது. குழாய் அங்க இன்னும் சின்னது, அதான் குறை.

காப்பு, வளையல், மோதிரம், சாமி கயிறு எல்லாம் ரெண்டு கைலயும் கழட்டிடுங்க. கயிறை வெட்ட மனசு வராதுன்னா முந்தின நாளே அவிழ்த்து வெச்சுட்டு வாங்க, டேபிள் மேல கத்திரிக்கோலோட நின்னு சண்டை போட முடியல. தொடைப் பக்கமும் ஷேவ் பண்ணுவாங்க, கைன்னு சொல்லிட்டு ஏன்னு கேக்காதீங்க, மாத்த வேண்டி வந்தா ரெடியா இருக்கணும்.

வலிக்குமா?

மரத்துப் போற ஊசி குத்துறப்போ சுருக்குன்னு இருக்கும். ஷீத் போட்டதும் குழாய் சுருங்காம இருக்க வெரபமில், நைட்ரோகிளிசரின் ரெண்டும் குடுப்பாங்க, கூடவே ரத்தம் உறையாம ஹெப்பாரின். இதுல வெரபமில் போறப்போ மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் தீயா எரியும், சில செகண்ட்ல அடங்கிடும். ரத்தத்தோட கலந்து மெதுவா குடுத்தா எரிச்சல் குறையும். யாரும் முன்கூட்டி சொல்லலன்னா நோயாளி பயந்து கையை இழுத்துடுவாங்க, நான் எப்பவும் "இப்போ எரியும், பத்து எண்ணுங்க"ன்னு சொல்லிடுவேன்.

டை போறப்போ முகம், தொண்டை சூடாகும், கண்ணுல மின்னல் அடிக்குற மாதிரி தெரியும் சிலருக்கு, அது நார்மல்.

வலி கடுமையா வந்தா குழாய் இறுகி ட்யூப்பைப் பிடிச்சுக்குதுன்னு அர்த்தம், ஸ்பாசம்னு சொல்வாங்க. பெண்கள், சின்ன குழாய் இருக்குறவங்க, ரொம்ப பயப்படுறவங்களுக்கு இது அதிகம். அப்போ பல்லைக் கடிச்சுட்டு பொறுத்துக்காதீங்க, வாய் விட்டு சொல்லுங்க. ட்யூப் சிக்குனா இழுக்கவே கூடாது, மருந்து திரும்ப குடுத்து, மயக்கத்தைக் கூட்டி, இறுக்கம் தளர்ற வரைக்கும் காத்திருந்துதான் எடுப்பாங்க.

கைக்கு ரத்த ஓட்டம் நின்னு கை போயிடுமா?

கைக்கு ரெண்டு குழாய், பெருவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்நார். உள்ளங்கைல ரெண்டும் வளைஞ்சு சேர்ந்துக்குது. அதனால ஒண்ணு அடைச்சாலும் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது, பல பேருக்கு ரேடியல் மூடியிருக்குறதே அடுத்த தடவை நாடி பாக்கும்போதுதான் தெரியும். நூத்துல சில பேருக்கு இப்படி மூடுறது நடக்குது, அதைக் குறைக்கத்தான் ஹெப்பாரின், சின்ன ஷீத், பேண்டை அளவா இறுக்குறது எல்லாம்.

ரெண்டு குழாயையும் அமுக்கி ஒண்ணை விட்டுப் பாக்குற ஆலன் டெஸ்ட், விரல்ல ஆக்சிஜன் க்ளிப் மாட்டிப் பாக்குற பார்போ டெஸ்ட்னு சில இடத்துல பண்ணுவாங்க. அதை வெச்சு மட்டும் கை வேண்டாம்னு ஒதுக்குறது இப்போ குறைஞ்சுடுச்சு.

உண்மையா பயப்பட வேண்டியது வேற. வயர் ஏதாவது சின்ன கிளைக்குள்ள போய் குத்திடுச்சுன்னா முன்கைக்குள்ள ரத்தம் சேரும். கை கல்லா இறுகி, விரலை நீட்டுனா தாங்க முடியாத வலி, விரல் வெளுத்து மரத்துப் போச்சுன்னா உடனே நர்ஸைக் கூப்பிடணும், காலைல பாத்துக்கலாம்னு தூங்கக் கூடாது. ரொம்ப அபூர்வம், ஆனா தாமதிச்சா கையோட தசை பாழாகிடும்.

கை வழின்னா மூளைக்கும் ரிஸ்க் கம்மிதானே?

இல்ல. இதைத்தான் எல்லாரும் குழப்பிக்கிறாங்க. கையா தொடையாங்கிறது வாசல்ல, அதாவது குத்துற இடத்துல, வர்ற பிரச்சனையை மாத்தும். உள்ள போய் காயில் வைக்கும்போது அன்யூரிசம் வெடிக்கிறது, க்ளாட் போய் ஸ்ட்ரோக் வர்றது, டை அலர்ஜி, கிட்னி பாதிப்பு, இதெல்லாம் எந்த வாசல் வழியா போனாலும் இருக்கு. டெஸ்ட்டுக்கு மட்டும் பண்ற ஆஞ்சியோல நிரந்தர ஸ்ட்ரோக் ரிஸ்க் அனுபவமுள்ள இடத்துல ஒரு சதவீதத்துக்கும் கீழ, சிகிச்சைன்னா அது நோயைப் பொறுத்து கூடும்.

இணையத்துல "கை வழியா பண்ணா உயிரிழப்பு குறையுது"ன்னு படிச்சிருப்பீங்க. அது ஹார்ட் அட்டாக் நோயாளிகள்கிட்ட வந்த முடிவு, 2015ல வந்த மேட்ரிக்ஸ் ட்ரையல் மாதிரி. அவங்களுக்கு ரத்தம் உறையாத மருந்து அள்ளிக் குடுப்பாங்க, அதனால ரத்தக் கசிவைக் குறைச்சதும் உயிர் தப்புறது கூடுச்சு. அந்தக் கணக்கை அப்படியே மூளைக்கு எடுத்து ஒட்ட முடியாது. மூளைப் பக்கம் தெளிவா தெரியுற லாபம், வாசல் பிரச்சனை குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம், நோயாளிக்குப் பிடிக்குது. இதுவே பெரிய விஷயம்தான், இதுக்கு மேல பூசி மெழுக வேண்டாம்.

பாதில கையை விட்டுட்டு தொடைக்கு மாத்திட்டாங்க, டாக்டருக்கு வரலியா?

சட்டுனு மாத்துற டாக்டர் கிடைச்சது உங்க அதிர்ஷ்டம். கைலயே முடிச்சுக் காட்டணும்னு அடம் பிடிச்சு ஒரு மணி நேரம் நெஞ்சு வளைவுக்குள்ள குடைஞ்சுட்டு இருந்தா, அங்க ஒட்டியிருக்குற கொழுப்புத் துணுக்கு கழண்டு மூளைக்குப் போகலாம், எக்ஸ்ரே, டை அளவும் ஏறும். இருபது நிமிஷத்துல வழிக்கு வரலன்னா தொடைக்குப் போறதுதான் புத்திசாலித்தனம்.

டயாலிசிஸ் நோயாளிக்குப் பண்ணலாமா?

முன்னாடியே சொல்லுங்க, ரொம்ப முக்கியம். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட (கைல தமனியையும் சிரையையும் இணைக்க) இதே ரேடியல் ஆர்ட்டரிதான் வேணும், அதனால கிட்னி ஃபெயிலியர் இருக்குறவங்களுக்கு இதைத் தொடாம காப்பாத்தி வைப்பாங்க. பைபாஸ் சர்ஜரிக்கு கைக்குழாயை எடுக்குற ப்ளான் இருந்தாலும் அப்படித்தான். குளிர்ல விரல் நீலமா மாறுறவங்க, பீடி சிகரெட்டால விரல் நுனி கருத்துப் புண்ணானவங்களும் சொல்லிடணும்.

கைல ஏதோ ப்ளாஸ்டிக் பட்டை கட்டியிருக்காங்களே?

காத்து நிரப்புற பேண்ட் அது. ரத்தம் வராத அளவுக்கு இறுக்கணும், ஆனா குழாய் முழுசா மூடக் கூடாது, ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கணும். அதனால நர்ஸ் கொஞ்சம் கொஞ்சமா காத்தை இறக்குவாங்க, டெஸ்ட்டுன்னா ஒண்ணு ரெண்டு மணி நேரம், ஸ்டென்ட் வெச்சு மாத்திரை குடுத்திருந்தா இன்னும் கூட. கை வலிக்குதுன்னு அட்டெண்டரே தளர்த்திடுறது, ரத்தம் வந்துடுமோன்னு பயந்து இறுக்கச் சொல்றது ரெண்டுமே வேண்டாம். மயக்கம் தெளிஞ்சிருந்தா பேண்டோடவே எழுந்து பாத்ரூம் போகலாம், கூட ஒரு ஆள் போகணும்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன பாத்துக்கணும்?

ஒரு நாள் மணிக்கட்டை மடக்கி ஊனாதீங்க, தரைலேர்ந்து எழுந்திரிக்கும்போது அந்தக் கையை ஊனுறதுதான் வழக்கமா எல்லாரும் மறக்குற இடம். ரெண்டு மூணு நாள் தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்புள்ளை எதையும் அந்தக் கையால தூக்க வேண்டாம். பைக் எப்போ ஓட்டலாம்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேட்டுக்கோங்க, ஏன்னா அது கையை விட மூளைல என்ன பண்ணாங்கங்கிறதைப் பொறுத்தது. தொடைல பண்ணியிருந்தா சில நாள் குத்துக்காலிட்டு உக்கார வேண்டாம், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குற வீட்டுல தங்குங்க.

திடீர்னு ரத்தம் வந்தா விரலால அந்த இடத்தை அழுத்திப் பிடிச்சு கையைத் தூக்கி வைங்க, துணியைச் சுத்திட்டு விட்டுடாதீங்க. பத்து நிமிஷம் அழுத்தியும் நிக்கலன்னா அழுத்துனபடியே 108க்கு போன் பண்ணுங்க. வாய் கோணுறது, பேச்சு குழறுறது, ஒரு பக்கம் பலம் குறையுறது, இதெல்லாம் வந்தா பத்து நிமிஷமும் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டென்ட், ஃப்ளோ டைவர்ட்டர் வெச்சவங்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. பல்லு புடுங்கப் போறேன்னாலும் முதல்ல மூளை டாக்டரைக் கேக்கணும்.

செக்கப்புக்கு திரும்ப ஆஞ்சியோ சொல்லியிருக்காங்க, அதே கைல பண்ண முடியுமா?

நாடி நல்லா துடிக்குதுன்னா, அல்ட்ராசவுண்ட்ல குழாய் திறந்திருக்குன்னா பண்ணலாம். ஒவ்வொரு தடவையும் குழாய் கொஞ்சம் தடிச்சு உள்ள குறுகலாம், அதனால அடுத்த கை, பெருவிரல் குழி, தொடைன்னு மாத்தி யோசிப்பாங்க. வர்றப்போ பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வாங்க. எந்தக் கை, எத்தனை ஃப்ரெஞ்ச் ஷீத், ஸ்பாசம் வந்துச்சா, பாதில மாத்துனாங்களாங்கிறது எழுதியிருக்கான்னு டிஸ்சார்ஜ் ஆகும்போதே பாருங்க, இல்லன்னா எழுதித் தரச் சொல்லுங்க.